மட்டை பிடிக்கச் சொல்லித்தந்த அண்ணன்

தமிழ் சினிமாவில் கதாநாயகனின் நண்பனுக்குப் பெரும்பாலும் இரண்டு வேலைதான். ஒன்று சிரிக்க வைக்கணும், இல்லாவிட்டால் செத்துப்போகணும். 'மெட்ராஸ்' (2014) படத்து அன்புகூடச் செத்துத்தான் போனான். ஆனால் அவன் காளிக்கு அரசியல் சொல்லித்தந்துவிட்டுப் போனான். நம் ஆட்களின் படங்களில் நட்பு என்பது பாதி வாத்தியார் வேலை.

2024 ஜனவரியில் வந்த 'ப்ளூ ஸ்டார்' நம் அரக்கோணத்துக் கதை. ஜெயக்குமார் இயக்கியது. 1990களில் காலனிப் பையன்களுக்கு ஒரு டீம், ஊர்ப் பையன்களுக்கு ஒரு டீம். ரஞ்சித்தும் ராஜேஷும் நேருக்கு நேர் நின்று முறைத்துக்கொள்கிறார்கள். வசதியான கிளப் ஆட்கள் அவமானப்படுத்திய பிறகுதான் இரண்டு பேரும் ஒரே டீமில் ஆடுகிறார்கள். படத்தில் நமக்குப் பிடித்தது பகவதி பெருமாள் நடித்த மூத்த ஆட்டக்காரர். தனக்குக் கிடைக்காத இடம் தம்பிகளுக்காவது கிடைக்கட்டும் என்று நிற்கிறவர். அப்படி ஒரு அண்ணன் நம் சேரிகளில் தெருவுக்கு ஒருவர் உண்டு. ரயில்வே வேலைக்கோ தோல் ஷாப்புக்கோ போய்விட்டு வந்து, சாயங்காலம் பையன்களுக்குப் பந்து போடுவார்.

'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியார் பெற்ற மகனை விட்டுவிட்டுக் கபிலனைத்தான் களத்தில் இறக்குகிறார். மகன் வெற்றிச்செல்வனுக்கு அது கசக்கிறது. அந்தக் கசப்பை மறைக்காமல் காட்டியது நல்லது. குடித்துச் சீரழிந்த கபிலனைத் திரும்பத் தயார் செய்வது யார்? பீடி ராயப்பன், ஒரு காலத்துக் குத்துச்சண்டைக்காரர். தோற்றவன் தோற்றவனைத் தூக்கிவிடுகிறான்.

'ப்ளூ ஸ்டார்' மேல் ஒரு குறையும் உண்டு. மைதானத்தில் சேர்ந்தவர்கள் ஆட்டம் முடிந்து எந்தத் தெருவுக்குத் திரும்பினார்கள், அங்கே யார் யார் வீட்டுக்குள் போனார்கள் என்பதைப் படம் அதிகம் பேசவில்லை.

பேசியிருக்கணும். 2021 ஏப்ரல் 7, சட்டமன்றத் தேர்தல் முடிந்த மறுநாள், இதே அரக்கோணம் பக்கத்தில் தலித் இளைஞர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வயதுப் பையன்கள் இன்றைக்கும் ஊருக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம் என்றுதான் ஆடுகிறார்கள். படிக்கிற தம்பிகளிடம் ஒன்று கேட்கிறோம்: உங்கள் டீமில் ஊர்த்தெருப் பையன் எத்தனை பேர், அவர்கள் டீமில் நம் பையன் எத்தனை பேர்?