வழங்கிகளின் நலச் சோதனை

வங்கியில் பணம் செலுத்துதல், புகைவண்டிப் பயணச்சீட்டுப் பெறுதல், தேர்வு முடிவை அறிதல் முதலிய பணிகள் பலவும் இக்காலத்தில் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பல்லாயிரம் மாணவர் ஒரே வேளையில் தம் பதிவெண்ணைக் கைப்பேசியில் இட்டு, விடையை எதிர்நோக்கி நிற்பர். அவர்தம் வினாக்களுக்கு விடை தருவது எங்கோ தொலைவில் இயங்கும் கணிப்பொறி ஆகும். கேட்டவர்க்குக் கேட்டதை வழங்கும் அக்கணிப்பொறி ‘சர்வர்’ எனப்படும். தமிழில் வழங்கி என்பர்.

பல்லாயிரவர் வினவும்போது ஒரு வழங்கி தனித்து நின்று அனைவருக்கும் விடை கூறுதல் இயலாது. ஆதலின், ஒரே பணியைச் செய்யவல்ல வழங்கிகள் பலவற்றை நிறுவுவர். அவற்றின் முன்னே ஒரு கருவியை அமைத்து, வரும் வினாக்களைப் பகிர்ந்தளிக்கச் செய்வர். ‘லோடு பேலன்சர்’ எனப்படும் இக்கருவியைச் சுமைபகிர்வி எனலாம். செய்தியின் உட்பொருளைப் படியாமல், இணைப்பை மட்டும் நோக்கி மிக விரைவாகப் பகிர்ந்தளிக்கும் வகை வலையமைப்புச் சுமைபகிர்வி ஆகும். அமேசான் வெப் சர்வீசஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வகைக் கருவி ஒன்றை 2017 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பயனுக்குக் கொண்டுவந்தது.

பகிர்ந்தளித்தல் மட்டும் போதுமா? போதாது. நான்கு வழங்கிகளுள் ஒன்று பழுதுற்றதெனக் கொள்க. சுமைபகிர்வி அதனை அறியாது வினாக்களை அனுப்பிக்கொண்டே இருப்பின், வினவுவோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு விடை கிட்டாது. எனவே, எவ்வழங்கி நலமாக உள்ளது, எது நலமற்றது என்பதைச் சுமைபகிர்வி இடைவிடாது ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சியே நலச் சோதனை ஆகும். மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பதை ஒத்தது இது.

சோதனை இருவகைப்படும். வழங்கியுடன் இணைப்பு ஏற்படுகின்றதா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை. இது டி.சி.பி. முறை, கதவைத் தட்டி, திறக்கின்றதா என்று காண்பது போன்றது. கதவு திறந்தும் உள்ளே வேலை நடவாதிருத்தல் கூடுமன்றோ? ஆதலின், ஒரு பக்கத்தைக் கேட்டு, உரிய விடை வருகின்றதா என்று பார்ப்பது மற்றொரு வகை. இது எச்.டி.டி.பி. முறை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. அப்பக்கம் எல்லா வழங்கிகட்கும் பொதுவான தரவுக் களஞ்சியத்தை நாடுமாயின், களஞ்சியம் சிறிது தளர்ந்தபோது வழங்கிகள் அனைத்தும் ஒருங்கே நோயுற்றனவாகத் தோன்றும். எனவே, வழங்கியின் சொந்த நலத்தைக் காட்டும் பக்கத்தையே சோதனைக்குத் தேர்தல் நன்று.

ஒரு முறை தும்மியவனை உடனே நோயாளி என எவரும் ஒதுக்குவதில்லை. அதுபோல, ஒரு முறை விடை தவறிய வழங்கியை உடனே விலக்குதல் முறையன்று. மேற்கூறிய அமேசான் கருவியில், வேறு கட்டளை இடாதவரை, 30 நொடிக்கு ஒரு முறை சோதனை நிகழும். அடுத்தடுத்து 2 முறை தோற்ற வழங்கி விலக்கப்படும். அது மீண்டும் பணியேற்க 5 முறை தொடர்ந்து வெற்றி பெறுதல் வேண்டும். அஃதாவது, விலக்குவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். சேர்ப்பதற்கோ இரண்டரை நிமிட அளவு. பழுதுற்றதை விலக்குவதில் விரைவும், மீண்டதை நம்புவதில் நிதானமும் இவ்வெண்களில் அமைந்துள்ளன. இடைவெளியைக் குறைத்தால் பழுது விரைவில் புலப்படும். ஆயின், சிறு தடங்கலும் பெரும்பிழையாகத் தோன்றும். சோதனையே வழங்கிகட்குச் சுமையாகும்.

எல்லா வழங்கிகளும் ஒரே வேளையில் தோற்குமாயின் என் செய்வது? அப்போது இக்கருவி அனைத்தையும் விலக்கிவிடுவதில்லை. மாறாக, அனைத்திற்கும் வினாக்களை அனுப்புகின்றது. எல்லாரும் குற்றவாளிகளாகத் தோன்றும்போது தீர்ப்பையே ஐயுறுதல் அறிவுடைமை என்பதே இதன் கருத்து.

அவ்வையம் எத்துணை இன்றியமையாதது என்பதை 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாள் நிகழ்ந்த இடர் காட்டிற்று. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அந்நிறுவனத்தின் நிலையங்களில், முகவரிப் பதிவில் நேர்ந்த ஒரு பிழையால் முந்திய நள்ளிரவை ஒட்டித் தொல்லை தொடங்கியது. பின்னர், புதிதாகத் தொடங்கப்பட்ட கணிப்பொறிகள், அவற்றின் வலையமைப்பு விவரங்கள் முற்றும் பரவுமுன்னரே பணியிற் சேர்க்கப்பட்டன. அதனால், நலமாக இருந்தவையும் சோதனையிற் சிலபோது தோற்றன, சிலபோது வென்றன. தோற்றபோது விலக்கப்பட்டன, வென்றபோது சேர்க்கப்பட்டன. இம்மாறாட்டம் சோதனைப் பிரிவுக்கே பெருஞ்சுமையாயிற்று. சோதனைகள் காலந்தாழ்ந்தன. நல்ல கருவிகள் பல பணியினின்றும் நீக்கப்பட்டன.

பசிபிக் நேரப்படி காலை 9.36 மணிக்குப் பொறியாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். சோதனையின் தீர்ப்பைக் கொண்டு தாமாகவே விலக்கும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தனர். நலமாக இருந்தவை அனைத்தும் பணிக்குத் திரும்பின. பிற்பகல் 2.09 மணிக்கு ஏற்பாடு மீண்டும் இயக்கப்பட்டது. ஒரு சுமைபகிர்வி ஒரே வேளையில் எவ்வளவு திறனை நீக்கலாம் என்பதற்கு வரம்பு அமைக்கப் போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது.

காவலன் இல்லாத வீடு இடருக்கு உரியது. எல்லாரையும் கள்வரெனக் கருதும் காவலன் உள்ள வீடும் அத்தகையதே. எதைச் சோதிப்பது, எத்துணை முறை சோதிப்பது, எவ்வளவு விலக்கலாம் என்பவற்றைக் கருவி தானே வகுத்துக்கொள்வதில்லை. அவற்றை வகுப்பவர் மனிதர். தேர்வு முடிவை எதிர்நோக்கும் மாணவனும், மருந்துக்குப் பணம் செலுத்தக் காத்திருக்கும் தாயும் அவ்வெண்களை அறியார். ஆயினும், அவர்கட்கு உரிய வேளையில் விடை கிட்டுவது அவற்றை ஆய்ந்து அமைத்தவரின் பொறுப்புணர்ச்சியாலேயே ஆகும்.