காணாமல் போகும் பட்டை

ஆய்வுக் கட்டுரை வரைபடங்களில் ஒரு கோட்டைச் சுற்றி வெளிர்நிறப் பட்டை ஒன்று படர்ந்திருக்கும். கோடு, கணிப்பைச் சொல்கிறது; பட்டை, அந்தக் கணிப்பு எவ்வளவு முன்பின் போகலாம் என்பதைச் சொல்கிறது. திரையில் இரண்டும் அழகாகத் தெரியும். அதே படத்தை இபிஎஸ் கோப்பாகச் சேமித்துத் திறந்தால், சில சமயம் பட்டையைக் காணோம். சந்தேகத்துக்கே இடமில்லாததுபோல் கோடு மட்டும் நிற்கும். தரவும் மாறவில்லை, கட்டளையும் மாறவில்லை. மாறியது கோப்பு வகை மட்டுமே.

பட்டை, அடியிலுள்ளது தெரியும்படி ஒளி ஊடுருவும் நிறத்தில் வரையப்படுவதுதான் சிக்கலின் வேர். உண்மையில் கணினிக்குள் எந்த நிறத்தின் வழியாகவும் ஒளி புகுவதில்லை. எல்லாம் கணக்குதான். ஒவ்வொரு நிறத்தோடும் 0 முதல் 1 வரை ஓர் எண்ணைச் சேர்க்கலாம். அதற்கு ஆல்ஃபா என்று பெயர். 1 என்றால் அடியிலுள்ளதை முழுக்க மறைக்கும். 0 என்றால் கண்ணுக்கே தெரியாது. 0.2 என்றால் மேல் நிறத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அடி நிறத்தில் ஐந்தில் நான்கு பங்கு. வெள்ளைப் பின்னணியில் 0.2 ஆல்ஃபாவோடு சிவப்பை வைத்தால், பச்சையும் நீலமும் 255-லிருந்து 204-க்கு இறங்கும். சிவப்பு 255-லேயே நிற்கும். நாம் பார்ப்பது இளஞ்சிவப்பு.

பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட படத்தில் இதன் அருமை புரியும். முழு நிறத்தில் வரைந்தால் வெறும் கறைதான் மிஞ்சும். ஆல்ஃபாவை 0.1 ஆக்கினால் தனிப் புள்ளி மங்கலாகத் தெரியும். பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் சுமார் 65 சதவீத அடர்த்தி பெறும். கூட்டம் எங்கே என்பதைக் கண்ணே கண்டுபிடித்துவிடும்.

இப்படி நிறங்களை அடுக்கிக் கலக்கும் விதிகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் இருவரும் 1984-இல் வெளியிட்டார்கள். விந்தை என்னவென்றால், அதே ஆண்டில்தான் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் வந்தது. அச்சுப்பொறிக்குப் பக்கத்தை விவரிக்கப் பிறந்த அந்த மொழியில் ஆல்ஃபாவுக்கு இடமில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல, பிறகு வந்த நிறம் முன்பிருந்ததை மூடிவிடும். இபிஎஸ், போஸ்ட்ஸ்கிரிப்டின் வாரிசு. பிடிஎஃப்புக்கே 2001-இல், அதன் 1.4-ஆம் பதிப்பில்தான் இந்த வசதி வந்தது.

இல்லாத வசதியைக் கேட்டால் மென்பொருள் என்ன செய்யும்? ஆளுக்கொரு வழி. ஆர் மென்பொருளின் வழக்கமான போஸ்ட்ஸ்கிரிப்ட் பாதை ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை வரையாமலே விட்டுவிடும். வரைபட நூலகமான மேட்பிளாட்லிப், ஆல்ஃபாவைப் புறக்கணித்து முழு நிறத்தில் வரைந்துவிடும். இரண்டு பட்டைகள் மோதும் இடத்தில் பின்னால் வந்தது முன்னதை விழுங்கிவிடும். கெய்ரோ நூலகமோ அந்தப் பகுதியைப் படப்புள்ளிகளாக மாற்றிவிடும். பெரிதாக்கினால் விளிம்பு பல்லிளிக்கும்.

மற்ற கோப்பு வகைகளுக்கும் அதனதன் குணம் உண்டு. ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. ஜிஃப்பில் ஒரு படப்புள்ளி தெரியும், அல்லது தெரியாது, நடுநிலை இல்லை. பிஎன்ஜி வழக்கமாக 256 படிகள் தரும். ஆனால் பின்னணியைக் காலியாக விட்டுச் சேமித்த பிஎன்ஜியைக் கறுப்புத் திரையில் திறந்தால், அச்சுகளின் கறுப்பு எழுத்துகள் இருட்டில் கரைந்துவிடும்.

தப்பிக்க வழி எளிது. முடிந்தவரை பிடிஎஃப் அல்லது எஸ்விஜி வகையில் சேமியுங்கள். ஆய்விதழ் இபிஎஸ்தான் வேண்டும் என்றால், கலவையை நீங்களே முன்கூட்டிக் கணக்கிட்டு, 255, 204, 204 போன்ற வெளிர்நிறத்தை நேரடியாகக் கொடுங்கள். பட்டையை முதலிலும் கோட்டைப் பிறகும் வரையுங்கள். அனுப்பும் முன், சேமித்த கோப்பை வேறொரு மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆய்வாளர் ஒப்புக்கொண்ட சந்தேகத்தைக் கோப்பு அழித்துவிட்டால், வாசகர் கையில் கிடைப்பது தவறான வரைபடம்தான்.