சாமையில் கல் அரிப்பதும் கருமணலில் பொன் எடுப்பதும்

பென்னாகரம், அரூர் பக்கம் சாமைச் சோறு பொங்குகிற வீடுகளில் அரிக்கஞ்சட்டி இருக்கும். உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் விட்ட, வாயகன்ற சட்டி. மில்லில் சுத்தம் செய்த பாக்கெட் சாமை வந்த பிறகு பல வீடுகளில் அது பரணுக்குப் போய்விட்டது. ஆனால் களத்திலிருந்து நேராக வந்த சாமையில் கல் இருந்தே தீரும். கல்லும் சாமையும் ஏறக்குறைய ஒரே பருமன். கண்ணால் பார்த்துப் பொறுக்கி மாளாது. அதனால் அரிப்பார்கள்.

சட்டியில் கொஞ்சம் சாமை, மூழ்குமளவு தண்ணீர். சட்டியை லேசாகச் சாய்த்து வட்டமாக ஆட்ட, சாமை கிளம்பும். கிளம்பியதைத் தண்ணீரோடு பக்கத்துப் பாத்திரத்தில் விடுவது. மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டல். கடைசியில் சாமை முழுக்க அந்தப் பாத்திரத்துக்குப் போயிருக்கும். சட்டியின் வரிகளில் நாலைந்து கல் கிடக்கும். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் தேடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் தட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. வாயகன்ற தட்டு, ஒரு பக்கச் சரிவில் வரிப்பள்ளம். நம் வீட்டில் தண்ணீரோடு போவது வேண்டும், அடியில் தங்குவது வேண்டாம். அங்கே தலைகீழ்.

தங்கம் அரிக்கப் பழகுகிறவருக்கு முதல் பாதி வேலை சீக்கிரம் கைவந்துவிடும். கூழாங்கல்லை எடுத்தெறிந்து, வெள்ளை மணலைக் கழுவிவிட்டால் தட்டின் அடியில் ஒரு பிடி கருமணல் நிற்கும். தங்கம் இருந்தால் அதற்குள்தான் இருக்கும், பொடிப்பொடியாக. அந்தக் கடைசிப் பிடியில்தான் பலரும் தோற்கிறார்கள். கருமணலைக் கழுவப்போய்த் தங்கத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறார்கள்.

கருமணல் தருமபுரிக்காரர்களுக்குப் புதிதல்ல. அரூர் வட்டத்துத் தீர்த்தமலையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது படுகை படுகையாக இருக்கிறது. சேலம் சீமையின் பாறைகளை ஆராய்ந்த கிங், ஃபூட் என்ற இரண்டு புவியியலாளர்கள் 1864-இல் வெளியிட்ட அறிக்கையில், கஞ்சமலையோடு தீர்த்தமலையையும் இரும்பு மலைகளின் வரிசையில் சேர்த்தார்கள். மழை வடிந்த மண்பாதையில் கருப்புக் கோடு கோடாகப் படிந்திருக்குமே, அதுதான் சரக்கு. அதில் காந்தத்தை இழுத்து விளையாடாத பையன் இந்தப் பக்கம் குறைவு. 1800-இல் மைசூர்ச் சீமையைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், ஓடைக் கருமணலை அரித்தெடுத்து இரும்பு உருக்கியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் தேடி எடுத்த பொருளே தங்கம் தேடுகிறவருக்கு இடைஞ்சல்.

தங்கமும் அப்படியொன்றும் தொலைவில் இல்லை. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை தெற்கே நீண்டு தமிழ்நாட்டுக்குள் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் வருகிறது. இன்று அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 பிப்ரவரி வரை தருமபுரி. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை மகாராஜகடையில் தங்கத்துக்காக ஆய்வும் நடத்தியிருக்கிறது. கோலாரின் கதையே அரிப்பில்தான் தொடங்குகிறது. 1802-இல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, ஊரிகம், மாரிக்குப்பம் பக்கம் மண்ணில் பொன் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்க்காரர்கள் வண்டியில் மண்ணை ஏற்றிவந்து, அவர் கண்ணெதிரே கழுவிப் பொன்துகளைக் காட்டினார்கள். இயந்திரமும் ஆங்கிலேயக் கம்பெனியும் வர இன்னும் முக்கால் நூற்றாண்டு இருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், நாலு எண்தான். ஒரு கன சென்டிமீட்டர் தானியம் சுமார் 1.4 கிராம். கல், அதாவது சாதாரண மணலின் குவார்ட்ஸ், 2.65. மேக்னடைட் 5.2. சுத்தத் தங்கம் 19.3. தண்ணீருக்குள் போனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம் குறையும். ஆக, தண்ணீருக்குள் சாமை 0.4, கல் 1.65, கல் நான்கு மடங்கு கனம். மேக்னடைட் 4.2, தங்கம் 18.3, இங்கும் நான்கு மடங்குக்குச் சற்று மேல். கருமணலிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது சாமையிலிருந்து கல்லைப் பிரிப்பதைவிட ஒரு பிடி சுலபமாகவே இருக்க வேண்டும். ஏன் இல்லை?

சாமையை முதல் தடவை கழுவும்போது கலங்கலாகத் தண்ணீர் போகிறதே, அதில்தான் பதில். அந்தக் கலங்கல் மண், அடியில் நிற்கும் கல்லின் பங்காளிதான். கனம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் கல் தங்குகிறது, மண் சாமைக்கும் முன்னால் ஓடிவிடுகிறது. காரணம் பருமன். மிகச் சிறிய துகள் தண்ணீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற கணித அறிஞர் காட்டினார். விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. தங்கத்தின் நான்கு மடங்குக் கனத்தை அந்தக் கால்வாசி அப்படியே விழுங்கிவிடுகிறது. கருமணல் துகளில் பாதிப் பருமனுள்ள தங்கத்துகள், கருமணலோடு ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். அதைவிடச் சிறியதென்றால் கருமணல் அடியில் நிற்க, தங்கம்தான் வெளியே போகும். போதாததற்கு, ஆற்றில் அடிபட்டு வரும் தங்கம் உருண்டையாக இருப்பதில்லை, தட்டையான செதில். அது இன்னும் மெதுவாக இறங்கும்.

ஆக, கனத்தை வைத்துப் பிரிப்பதற்கு முன்னால் பருமனைச் சமமாக்க வேண்டும். என்னைக் கேட்டால் மொத்த வித்தையும் சல்லடையில் இருக்கிறது. தட்டை ஆட்டும் நளினமெல்லாம் பிறகு. 0.6 மி.மீ., 0.3 மி.மீ., 0.15 மி.மீ. என்று கண் பாதி பாதியாகக் குறையும் மூன்று சல்லடை போதும். கருமணலைத் தண்ணீரோடு ஒவ்வொன்றாகச் சலித்து, தனித்தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். இரண்டு சல்லடைகளுக்கு நடுவே நின்ற சரக்குள்ள கிண்ணத்தில் எந்தத் துகளும் இன்னொன்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக இருக்காது. மேலே போட்ட கணக்குப்படி அந்த எல்லைக்குள் தங்கம் தோற்காது. ஒரு கிண்ணத்துச் சரக்கை இன்னொன்றோடு கலக்காமல் தனித்தனியே அரிக்க வேண்டும். சலிக்காமல் ஒரு மணி நேரம் ஆட்டுகிறவரைவிட, சலித்துவிட்டு ஐந்து நிமிடம் ஆட்டுகிறவருக்குத் தங்கம் கூடுதலாக நிற்கும்.

அடுத்தது காந்தம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் போதும். சரக்கைக் காகிதத்தில் பரப்பி வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரத்தில் தங்கம் கருமணலோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மணலில் படாமல் ஒரு விரற்கடை மேலே பிடித்தால் மேக்னடைட் எழும்பி ஒட்டும். இன்னொரு காகிதத்துக்கு மேலே கொண்டுபோய், பையிலிருந்து காந்தத்தை உருவினால் கொட்டிவிடும். கொட்டியதைத் தூர எறியக் கூடாது. கொத்தாக எழும்பும்போது நடுவில் தங்கச் செதில் மாட்டியிருக்கும். அதையும் பரப்பி, மறுபடி காந்தத்தைக் காட்ட வேண்டும். கருமணலில் கலந்திருக்கும் இல்மனைட், கார்னெட் போன்ற மற்றக் கனிமங்கள் இந்தக் காந்தத்துக்கு வராது. அவை மிஞ்சும்.

மிஞ்சியதுக்குத்தான் பொறுமை. வழவழப்பான சிறு தட்டு, ஒரு தேக்கரண்டி சரக்கு, அது நனைந்து கொஞ்சம் மேலே நிற்குமளவு தண்ணீர், ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். அது எதற்கென்றால், மெல்லிய தங்கச் செதில் கனமானதுதான். ஆனாலும் எண்ணெய்க் கை பட்டால் தண்ணீரின் மேல்பரப்பிலேயே மிதந்து, வழியும் தண்ணீரோடு போய்விடும். சோப்பு அந்தப் பரப்பைத் தளர்த்தி மூழ்க வைக்கிறது. தட்டைச் சாய்த்து, சரக்கை மேல்பக்கம் ஒதுக்கி, தண்ணீரை அதன்மேல் மெதுவாக ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் கருமணல் ஒரு சன்ன அடுக்காகக் கீழே விரியும். தட்டின் விளிம்பை விரலால் தட்டிக்கொடுத்தால் விரிவு சீராகும். மேல் ஓரத்தில், நகர மறுத்து நிற்கும் மஞ்சள் கோடுதான் தங்கம். மருந்து டிராப்பரால் உறிஞ்சி எடுக்கலாம். இந்த நேரத்தில் அவசரப்பட்டு ஒரு தள்ளு கூடுதலாகத் தள்ளினால் எல்லாம் கலந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மஞ்சளாக மின்னுவதெல்லாம் கணக்கில் வராது. காக்காப்பொன் வெயிலில் பளிச்சிடும், நிழலுக்குக் கொண்டுபோனால் மங்கிவிடும்; தண்ணீரில் முதல் ஆளாக ஓடிவிடும். ஊசிமுனையால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், பொன்போல மின்னும் பைரைட் என்ற தாது நொறுங்கும்.

பாதரசத்தைச் சேர்த்தால் தங்கத்தை அதுவே பிடித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அந்தக் கலவையைச் சுடும்போது எழும் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசத்தைக் குறைக்கவென்றே 2017-இல் மினமாட்டா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் அதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலைக்காரர்கள் பாதரசமே இல்லாமல், நன்றாக அரித்த தங்கத்தூளோடு வெண்காரம் சேர்த்து உருக்குகிறார்கள். நம் ஊர்ப் பத்தர் பட்டறையில் தினமும் புழங்கும் அதே வெண்காரம்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் தென்பெண்ணையில் இறங்கிவிட வேண்டாம். தங்கம் தேடவும் எடுக்கவும் 1957-ஆம் ஆண்டுச் சுரங்க, கனிமச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆற்று மணலுக்கும் அனுமதி வேண்டும். கோவையில் நகைப்பட்டறைத் தெருக்களின் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுப்பவர்கள் உண்டு. அதே கை வித்தைதான், ஆறில்லாமல்.

பழகிப் பார்க்க ஆசையென்றால் தெருவில் மழைக்குப் பின் படியும் கருமணல் ஒரு டம்ளர் போதும். லேத் பட்டறையில் கொஞ்சம் பித்தளைத் தூள் கேட்டு வாங்கி, அதிலிருந்து இருபது துகளை எண்ணிப் போட வேண்டும். பித்தளை 8.5 கிராம்தான், தண்ணீருக்குள் மேக்னடைட்டைப்போல இரண்டு மடங்குகூட வராது, தங்கத்தைவிடக் கடினமான பரீட்சை. அதனால் சல்லடை இடைவெளியையும் இன்னும் நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். அரித்து முடித்து எத்தனை துகள் திரும்பி வந்தது என்று எண்ணுங்கள். குறைந்தால் கழித்த மணலை எடுத்து, இன்னும் சன்னமான சல்லடையில் சலித்து மறுபடி அரியுங்கள். காணாமல் போன துகள்கள் அதில் கிடைத்தால் முதலில் மாற்ற வேண்டியது சல்லடையை.