நாலு தலைமுறையும் நாலு சென்ட்டும்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியில் ஏறத்தாழ 95,000 பேர் இருந்தார்கள். 2011-ல் அந்தக் கணக்கு 70,859. பத்தே ஆண்டுகளில் நால்வரில் ஒருவர் மலையிறங்கிவிட்டார். அதே பத்தாண்டில் கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 18 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து 34 லட்சத்தைத் தாண்டியது. மாவட்டம் முழுக்க ஆள் சேர்ந்துகொண்டிருந்தபோது அதன் தெற்கு மூலையிலிருந்த மலை மட்டும் ஆளை இழந்துகொண்டிருந்தது. போரோ பஞ்சமோ அங்கே வரவில்லை. மழைக்கும் குறைவில்லை. சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மழையைச் சோலையாறும் நீராறும் தேக்கிப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வழியே கீழே அனுப்ப, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வயல்கள் விளைகின்றன. தண்ணீர் இறங்கிய திசையிலேயே மனிதர்களும் இறங்கிவிட்டார்கள். எஸ்டேட் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள், பல இடங்களில் தேயிலைத் தோட்ட நிர்வாகம் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ‘வால்பாறையை எப்படி மீண்டும் நிரப்புவது’ என்ற கேள்விக்கு வழக்கமாகச் சாலை, சுற்றுலா, கூலி உயர்வு என்ற மூன்று பதில்கள் கிடைக்கும். மூன்றும் வேண்டியவைதான். ஆனால், அவற்றுக்கு முன்பே தீர்க்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அது வீடு.

ஏன் போனார்கள் என்று கேட்டால், தேயிலைத் தோட்டக் கூலியைவிடத் திருப்பூர் பனியன் கம்பெனியில் அதிகம் கிடைக்கிறது என்பார்கள். அது உண்மை. சிறுத்தை, யானை பயம் என்பதும் உண்மை. அவசரச் சிகிச்சைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, 64 கிலோமீட்டர் தாண்டிப் பொள்ளாச்சிக்குப் போக வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால், இந்தக் காரணங்கள் எல்லாம் ஒருவர் வேலைக்காக வெளியூர் போவதைத்தான் விளக்குகின்றன; குடும்பமே பெயர்ந்து போவதை விளக்கவில்லை. கொங்கு நாட்டின் சமவெளிக் கிராமங்களைப் பாருங்கள். காங்கேயத்துப் பிள்ளை திருப்பூரிலும், அன்னூர்ப் பிள்ளை கோவையிலும் வேலை செய்கிறார்கள். மழை பொய்த்து, கிணறு வற்றி, வேளாண்மை நொடித்த பிறகும் அந்த ஊர்களில் விளக்கு எரிகிறது. பெற்றோர் அங்கே இருக்கிறார்கள், சம்பளத்தில் ஒரு பங்கு அங்கே போகிறது, மாரியம்மன் நோன்புக்குப் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். திரும்பி வருவதற்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது. வால்பாறைப் பிள்ளைக்கு அது இல்லை. அவன் பிறந்த லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அப்பாவோ அம்மாவோ வேலையில் இருக்கும்வரை குடியிருக்கலாம். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலிசெய்து கொடுக்க வேண்டும், அல்லது வீட்டைத் தக்கவைப்பதற்காகவே பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை என்பது பல தோட்டங்களில் எழுதாத விதி. ஆக, அறுபது வயதுக்காரர் மலையிறங்குவது அவர் விரும்பி எடுத்த முடிவு அல்ல. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்மணி கடைசிக் காலத்தில் பொள்ளாச்சியிலோ கோவைப் புறநகரிலோ வாடகை வீடு தேடுகிறார். அவர் போனபின் பிள்ளைகளுக்கு வால்பாறையில் என்ன வேலை?

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது முக்கியம். 1890-களில் கார்வர் மார்ஷ் போன்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஆனைமலைக் காட்டைத் திருத்திப் பயிரிட்டபோது, கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். எஸ்டேட் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச்.டேனியல் 1969-ல் எழுதிய நாவலை இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். மலேரியாவும் கடனும் அந்தத் தலைமுறையை எப்படிச் சிதைத்தன என்று அதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆளை ஓட விடாமல் வைத்திருப்பதற்காகவே அன்று வேலையோடு குடியிருப்பைப் பிணைத்தார்கள். 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமையாக்கியது. பெரிய முன்னேற்றம் அது. என்றாலும் வீட்டை நிர்வாகம் கொடுக்கும் வசதியாகவே அது வைத்தது, தொழிலாளியின் உடைமையாக்கவில்லை. தாத்தாவை மலையைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைத்த அதே முடிச்சு, இன்று பேரனை மலையில் இருக்கவிடாமல் செய்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இதன் இறுதிக்கட்டத்தைப் பார்த்தோம். 1929-ல் தொடங்கி 2028-ல் முடியும் 99 ஆண்டுக் குத்தகையை ஒட்டி, 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வீடுகளைக் காலிசெய்யச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர் அவர்களுக்கு ஊராகவே இல்லாமல் போனது. வால்பாறையில் அது ஒரே நாளில் நடக்கவில்லை; ஆண்டுக்குச் சில நூறு குடும்பங்களாக, ஓசையில்லாமல் நடக்கிறது.

ஆள் குறைந்த ஊர்களைப் பற்றிப் பேசும்போது ஜப்பானை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அங்கே 2023 கணக்குப்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. இத்தாலியச் சிற்றூர்கள் பாழடைந்த வீடுகளை ஒரு யூரோவுக்கு விற்றன. அங்கெல்லாம் வீடும் உரிமையாளரும் உண்டு, வாழ வருவார்தான் இல்லை. வால்பாறையின் நோய் நேர்மாறானது. அங்கே வாழ விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று வீடு இல்லை. ஆகவே, வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டுக் குடியேற்றும் அந்த வைத்தியம் இங்கே பொருந்தாது.

பொருந்தும் முன்மாதிரி இலங்கை மலையகத்தில் இருக்கிறது. லயன் அறைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம், நம் கணக்கில் நாலு சென்ட்டுக்குச் சற்று மேல், உரிமைப் பத்திரத்துடன் கொடுத்துத் தனி வீடு கட்டும் கொள்கை அங்கே வந்திருக்கிறது. நுவரெலியாவிலும் பதுளையிலும் இந்திய அரசின் உதவியில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன, 2017-ல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. வேலை மெதுவாக நடக்கிறது, எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்ற குறை உண்டு. ஆனால், கொள்கை தெளிவானது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி அதே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் 1976-ல் டான்டீ என்ற அரசு நிறுவனமானது. வால்பாறைச் சின்கோனாவிலும் அதற்குத் தோட்டம் உண்டு. கண்டியில் தங்கிவிட்ட அண்ணன் குடும்பத்துக்கு நம் நாட்டுப் பணத்தில் நிலத்தோடு வீடு கிடைக்கலாம்; கப்பலேறி இங்கே வந்த தம்பி குடும்பம் இன்னும் நிறுவனத்து வீட்டில் இருக்கிறது. இது மனத்தை உறுத்துகிறது. நம் நாட்டுக்குள்ளும் இப்படி நில உரிமை கொடுக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. மேற்கு வங்கம் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. அசாம் 2025-ல் நில உச்சவரம்புச் சட்டத்தைத் திருத்தி, தொழிலாளர் குடியிருப்பு நிலத்துக்கு உரிமை கொடுக்க வழி செய்தது.

நிலத்துக்கு எங்கே போவது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வால்பாறை மேட்டு நிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர், அதாவது 54,000 ஏக்கருக்குச் சற்று மேல். 2011-ன் மக்கள்தொகையை 20,000 குடும்பங்கள் என்று வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு சென்ட் கொடுத்தால் தேவை 800 ஏக்கர். மொத்தத்தில் அது ஒன்றரை விழுக்காடு. சாலைக்கும் பள்ளிக்கும் இன்னொரு 800 ஏக்கர் சேர்த்தாலும் மூன்று விழுக்காடு. தனியார் சொத்தை எப்படி எடுக்க முடியும் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1961 நில உச்சவரம்புச் சட்டம் சமவெளி விவசாயிக்கு எல்லை வகுத்தபோது, தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒரே கையில் வைத்திருக்கும் உரிமை சமூகம் கொடுத்த சலுகை. அந்தச் சலுகையைப் பெற்றவர்களிடம் அதில் உழைத்தவர்களுக்கு மூன்று விழுக்காட்டை, உரிய இழப்பீட்டோடு, கேட்பது அடாத கோரிக்கை ஆகாது. லைன் வீடுகளைப் பராமரிக்கும் செலவு சுமையாகிவிட்டது என்று நிர்வாகங்களே நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அந்தச் சுமையும் இறங்கும். டான்டீ நிலத்தில் சிக்கல் வேறு. அது வனத்துறையிடமிருந்து பெற்ற நிலம் என்பதால் ஒன்றிய அரசின் அனுமதியும் தேவைப்படும். இன்னொரு முட்டுக்கட்டையை யாரும் பேசுவதில்லை. கொழுந்து பறிக்கும் இந்த ஊர் காகிதத்தில் நகராட்சி. ஊரகத்துக்கென்று வரும் திட்டங்கள் இங்கே நுழையவே முடியாது.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு காட்டின் பக்கத்திலிருந்து வருகிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அந்தப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். மனிதர்கள் தாமாகவே போகும்போது ஏன் தடுக்க வேண்டும், காடு திரும்பி வரட்டுமே என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஆள் போன இடத்தில் காடு வந்துவிடுவதில்லை. கவாத்து இல்லாத தேயிலை மரமாக ஓங்கும், இடையில் உண்ணிச்செடி மண்டும், சோலை மரங்கள் தாமாகத் திரும்புவது அரிது. வால்பாறையில் சிதைந்த சோலைத் துண்டுகளை மீட்டுவரும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நாற்று வளர்த்து, களை எடுத்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுத்தான் அதைச் செய்கிறது. அதே அமைப்பு யானை நடமாட்டத்தைக் கேபிள் டிவியிலும் குறுஞ்செய்தியிலும் சொல்லி, கைப்பேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளை எரியவைத்து உயிரிழப்பைக் குறைத்தது. அந்த ஏற்பாடு நிற்பது யானை எந்த வழியாக வரும், எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று அறிந்த உள்ளூர் மக்களின் தோளில். அவர்கள் போனபிறகு லைன் வீடுகள் முழுக்கக் காலியாவதில்லை; ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வேலையாட்கள் வருகிறார்கள். 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில் வீட்டருகே இருந்த சிறுமியைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. ஜார்கண்டிலிருந்து வந்த குடும்பத்தின் குழந்தை அது. இடம் புதிது, மொழி புதிது, சீசன் முடிந்தால் வேறு எஸ்டேட் என்று மாறிக்கொண்டே இருக்கும் குடிகளால் காட்டோடு வாழும் பழக்கத்தைக் கைமாற்றித் தர முடியாது. நிலைத்த மக்கள்தான் யானைக்கும் பாதுகாப்பு. தவிர, மனை கொடுப்பது என்றால் 220 சதுர கிலோமீட்டர் முழுக்கத் தெளித்துவிடுவது அல்ல. இப்போது சிதறிக் கிடக்கும் லைன்களை யானைத் தடங்களிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் விலக்கி, சாலையும் பள்ளியும் உள்ள சில இடங்களில் ஊர்களாகச் சேர்ப்பது. அது நடந்தால் ஆற்றுக் கரைகளில் யானைக்கு இப்போதிருப்பதைவிட அகலமான வழி கிடைக்கும்.

மண்சரிவுக்கும் இதே பதில்தான். 2020 ஆகஸ்ட்டில் மூணாறு பெட்டிமுடியில் லைன் வீடுகள் மண்ணில் புதைந்து 70 பேர் மாண்டார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாடு சூரல்மலை அழிந்த அதே அதிகாலையில், சோலையாறு அணைப் பக்கம் ஒரு வீட்டில் பாட்டியும் பேத்தியும் மண் சரிந்து இறந்தார்கள். லைன் வீட்டின் இடத்தை அதில் குடியிருந்தவர் எந்தக் காலத்திலும் தேர்ந்தெடுத்ததில்லை. எங்கே கட்டினால் வேலைக்களத்துக்குப் பக்கம் என்று நிர்வாகம் பார்த்தது. சொந்த மனை என்றால் புவியியல் ஆய்வு செய்து இடம் குறிக்கலாம். அதைத் தாங்களே கேட்டு வாங்கியவர்களும் இந்த மலையில் உண்டு. 2019 மழையில் கல்லார்குடியை இழந்த காடர் பழங்குடிக் குடும்பங்கள், எஸ்டேட் லைனில் தங்கவைக்கப்பட்ட பிறகும், மலையிறங்க மறுத்து, தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டுப் போராடி 2021-ல் பட்டா பெற்றார்கள்.

பட்டா கொடுத்தால் ரிசார்ட்காரர்களிடம் விற்றுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போனதை அறிந்த யாரும் நிபந்தனைப் பட்டா என்ற ஒரு சொல்லை நம்பி உட்கார்ந்துவிட மாட்டார்கள். பட்டா மனைவி பெயரையும் சேர்த்து இருக்கட்டும். விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால் நகராட்சியே முதலில் வாங்கும் உரிமை பத்திரத்திலேயே இருக்கட்டும். வேலை இல்லாமல் வீடு மட்டும் என்ன செய்யும் என்றும் கேட்பார்கள். வீடு இருந்தால்தான் சில வேலைகளே பிறக்கும். சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாகும் அளவுக்கு 2025 நவம்பரில் கூட்டம் வந்துவிட்டது. அந்தப் பணத்தில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? சொந்த வீடு இல்லாதவர் ஹோம்ஸ்டே நடத்த முடியாது, மாடு வாங்கக் கடன் கேட்டாலும் அடமானம் காட்ட ஒன்றுமில்லை. விடுதிகள் முதல் வைத்திருப்பவர்களுடையவை, துணி துவைக்கும் வேலை உள்ளூர்ப் பெண்களுடையது.

பட்டியல் போடும்போது ஓய்வுபெற ஐந்து ஆண்டே உள்ள பெண்களை முதலில் சேர்க்க வேண்டும்; மலையிறங்கக் காத்திருப்பவர்கள் அவர்கள். அடுத்து, இறங்கிப்போய் வாடகையில் இருக்கிற, திரும்பி வர விரும்புகிற ஓய்வுபெற்றோர். பட்டியலின் கடைசியில் சலசலப்பு எழும் என்று தெரிந்தே ஒன்றைச் சொல்கிறேன். பத்து ஆண்டு இந்த மலையில் வேலை செய்து, பிள்ளைகளை இங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்திருக்கும் ஜார்கண்ட், அசாம் குடும்பங்களுக்கும் அதே நாலு சென்ட் வேண்டும். நூறாண்டுக்கு முன் கங்காணிக்குப் பின்னால் திருநெல்வேலியிலிருந்து நடந்து வந்தவர்களுக்கும் இந்த மலை அன்று அந்நியமாகத்தான் இருந்தது.