முற்றத்துப் பசுமையும் மழலையர் ஆடலும்

நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு புன்னைமரம் வருகிறது. சிறுமியர் மணலில் விளையாடுங்கால் வித்தொன்றைப் புதைத்துவிட்டு மறந்துபோகின்றனர். அது முளைத்தெழவே, நெய்யும் பாலும் ஊட்டி வளர்க்கின்றனர். அம்மரம் அவர்களுக்குத் தங்கையாகும் என்கிறாள் அன்னை. அகத்துறை நோக்கில் இப்பாட்டிற்கு வேறு சிறப்பும் உண்டு. நமக்கு இங்கு வேண்டுவது அதன் முதற்செய்தி மட்டுமே: அம்மரம் பிறந்தது பிள்ளை விளையாட்டில்.

பட்டினப்பாலையிலும் இதனோடு ஒட்டிய காட்சி ஒன்று உண்டு. அகன்ற முற்றத்தில் மகளிர் உணவுப்பொருளை உலர்த்துகின்றனர். அதைக் கவர வந்த கோழியின்மேல் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி, சிறுவர் உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பிற்கே இவ்வடிகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். எனினும், பெரியோர் பணிசெய்யும் இடமும் சிறியோர் ஆடும் இடமும் ஒன்றாகவே இருந்தமை இதனால் பெறப்படுகிறது. இரண்டு முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தை தனியே வெளியில் நெடுநேரம் நில்லாது. நிற்க விடுவாரும் இலர். அன்னையின் கண் எட்டும் இடமே அதன் ஆடுகளம். கீரை பறிக்கவும் செடிக்கு நீர் வார்க்கவும் சருகு பெருக்கவும் பெரியவர் கொல்லைக்குச் செல்லும்போது குழந்தையும் உடன் செல்கிறது. ஆகவே வீட்டுத் தோட்டம் முதலில் வெளியே அழைப்பது குழந்தையை அன்று, அதன் தாயையே எனலாம்.

அடுத்தது நிழல். சிமெண்டு பூசிய தரை பகல் முழுவதும் வெயிலை உட்கொண்டு, மாலையிலும் அவ்வெப்பத்தை வெளிவிடும். வெறுங்காலுடன் அதில் நிற்க இயலாது. மரத்தின் இலைகளோ வெயிலைத் தடுப்பதோடு நீராவியை வெளிவிட்டுச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கின்றன. நம் கோடையில் ஒரு வேப்பமரம் குழந்தையின் வெளிவிளையாட்டு நேரத்தை இரண்டு மணியளவு நீட்டித் தரும் என்பது என் கணிப்பு.

நிழலினும் மேலானது, கையில் எடுத்து விளையாடும் பொருள். சைமன் நிக்கல்சன் என்னும் ஆங்கிலக் கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரையொன்று இங்கு நினைக்கத்தக்கது. நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் தக்க பொருள்கள் ஓரிடத்தில் எத்துணை மிகுதியோ, அத்துணை மிகுதியாக அங்குக் குழந்தையின் புனைதிறன் வெளிப்படும் என்பது அவர் கருத்து. பூவரசிலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்ததும், தென்னங்கீற்றில் காற்றாடி முடைந்ததும், உதிர்ந்த முருங்கைப்பூவைச் சோறாக்கிச் சிரட்டையில் பரிமாறியதும் அறிந்த நமக்கு இக்கருத்துப் புதிதன்று. காசுகொடுத்து வாங்கிய பொம்மை ஒன்றாகவே இருக்கும். ஓர் இலையோ காலையில் தட்டு, மாலையில் படகு. இக்காரணத்தாலேயே, வரிசையாகத் தொட்டிகளை அடுக்கி, "தொடாதே, பறிக்காதே" என்று காவல் காக்கும் அழகுத் தோட்டங்களை நான் குழந்தைக்குரிய பசுமையாகக் கொள்வதில்லை.

மண்ணில் அளைவது உடலுக்கு நன்றென்று முதியோர் கூறுவதை முற்றும் தள்ளிவிட இயலாது. பின்லாந்து நாட்டில், சரளைக்கல் பரப்பிய குழந்தைகள் காப்பக முற்றங்களில் காட்டுத்தரையின் மண்ணையும் செடிகளையும் புல்லையும் பெயர்த்து இட்டனர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் 28 நாள்கள் அங்கு விளையாடினர். அவர்தம் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின; குருதியில் நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் கூறுகளிலும் நல்ல மாற்றம் காணப்பட்டது. இவ்வாய்வு 2020இல் வெளிவந்தது. ஆய்வுக்குட்பட்டோர் 75 பேரே. ஆதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளற்க.

பெற்றோர் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. குன்றிமணியையும் ஆமணக்கு வித்தையும் மென்று விழுங்கினால் உயிருக்கே கேடு. எருக்கம்பால் கண்ணைக் கெடுக்கும். இவற்றை மழலையர் உள்ள வீட்டில் வளர்த்தல் ஆகாது. செம்பருத்தியும் கற்பூரவல்லியும் மருதாணியும் தீங்கற்றவை. முருங்கைக்கிளை எளிதில் முறியும். ஏறிப் பழகும் பிள்ளைக்குக் கொய்யாவே ஏற்றது. தொட்டியடித் தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிவிட வேண்டும். கொசு பெருகுவது அங்கேதான்.

பிறரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. சருகு பெருக்கும் தொல்லைக்கு அஞ்சி, 2009இல் என் வீட்டுக் கொல்லை முழுவதையும் சிமெண்டிட்டு மூடியவன் நான். பெரிய பேரன் அங்குச் சென்று விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் வளர்ந்து பள்ளிக்குச் சென்ற பின்னரே காரணம் விளங்கிற்று. பேர்த்தி பிறந்த ஆண்டில் சுவரோரம் நான்கடி அகலத்திற்குத் தரையை உடைத்து, கொய்யாவும் மருதாணியும் வைத்தோம். இப்போது மாலையில் அவளைத் தேடுவோர் நேரே கொல்லைக்குத்தான் செல்கின்றனர். சென்ற வாரம் அவள் புதைத்த மாங்கொட்டை ஒன்று, நான்கடிக்குள் இடமில்லாத இடத்தில் முளைவிட்டிருக்கிறது. மீதிச் சிமெண்டை உடைக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.