இரண்டாம் ஆண்டில் திறக்கும் கதவு

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்றால் பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு. கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம், மதிப்பெண்ணைக் காட்டி வாசலில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இந்த வகைக் கல்லூரிகளுக்குள் பின்னாளில் 'ஹானர்ஸ் திட்டம்' என்ற தனி வகுப்பு முளைத்தது. ஆர்வமும் உழைப்பும் உள்ள இருபது, இருபத்தைந்து பேரை ஒன்றாக உட்காரவைத்து, கூடுதலாக வாசிக்கவும் விவாதிக்கவும் கட்டுரை எழுதவும் பழக்குவார்கள். பாடம் கொஞ்சம் கடினம்தான். ஆனால் மாணவர்களை இழுப்பது அதன் முடிவில் கிடைக்கும் சலுகை. கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், உடன்பாடு செய்துகொண்ட சமுதாயக் கல்லூரிகளில் இந்த வகுப்பை முடித்தவர்களின் விண்ணப்பங்களை முன்னுரிமை கொடுத்துப் பார்க்கிறது. இடம் கிடைத்தவர் நேரே மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்.

'ஆனர்ஸ்' தமிழ்நாட்டுக்குப் புதிய சொல் அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் பட்டம் பெற்று, அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கால ஆனர்ஸ் வகுப்பு, பள்ளியையும் இண்டர்மீடியட்டையும் தடங்கலின்றித் தாண்டி வந்தவர்களுக்கானது. பாதியில் நின்றவருக்கு அதில் வேலையே இல்லை.

பாதியில் நின்றவர்களுக்காக வந்ததுதான் தமிழ்நாட்டின் சமுதாயக் கல்லூரி. 1996இல் சென்னையில் ஒன்று தொடங்கியது. இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார். ஓராண்டுப் பட்டயம், அதில் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி என்று பாடத்திட்டம் தெளிவாக இருந்தது. பலருக்கு வேலையும் கிடைத்தது. குறை ஒன்றுதான்: பட்டயத்தோடு பாதை முடிந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-14இல் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கையிலெடுத்து, அடுத்து பி.வொக். என்ற தொழிற்கல்விப் படிப்பைக் கொண்டுவந்த பிறகே மேல்படி வந்தது. அதில் ஓராண்டு படித்தால் பட்டயம், இரண்டாண்டு படித்தால் மேம்பட்ட பட்டயம், மூன்றாண்டு முடித்தால் பட்டம்.

அமெரிக்க ஏற்பாட்டுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று இங்கே வேறு பெயரில் நெடுநாளாக இருக்கிறது. அதைப் பார்க்க ஆமத்தூர் நல்ல இடம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள். உள்ளூர்ப் பேச்சில் அவை 'ஃபயர் ஆபீஸ்'. (ஆபீஸ் வேலை என்றதும் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்கள் உண்டு.) அதே ஆமத்தூரில் ஏ.ஏ.ஏ. பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. ஆள் ஏற்றும் ஆலை வேனும் கல்லூரிப் பேருந்தும் ஓடுவது ஒரே சாலையில்.

வேனில் போகவேண்டிய பிள்ளை பேருந்தில் ஏறுவதற்கு பிளஸ் டூ மட்டுமே வழி என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா படிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவரோ டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிப்ளமா முடித்தவருக்கு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு. லேட்டரல் என்ட்ரி என்பது இதுதான். காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் விருதுநகரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.வெள்ளைச்சாமி நாடார் பாலிடெக்னிக் இந்த ஏணியின் பழைய படிகளில் ஒன்று.

கதவு திறந்திருந்தாலும் உள்ளே போனவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அது கணக்கு. பி.இ. முதலாண்டில் மற்றவர்கள் இரண்டு பருவம் கணிதம் படித்துவிட்டு வருகிறார்கள். டிப்ளமாக்காரர் பட்டறையில் லேத் ஓட்டியிருப்பார், மோட்டாரைக் கழற்றி மாட்டியிருப்பார். ஆய்வகத்தில் அவரை மிஞ்ச ஆளிருக்காது. மூன்றாம் பருவத்தில் கரும்பலகையில் ஃபூரியே தொடர் வரும்போது, தொகையீட்டுக் குறி தொடங்கி எல்லாமே அவரை மிரட்டும். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கிலப் புத்தகம் இன்னொரு சுவர். அரியர் விழுவது அறிவுக் குறைவால் அல்ல, இந்த இடைவெளியால்.

ஹானர்ஸ் வகுப்பு என்ற யோசனை பொருந்துவது இங்கேதான். டிப்ளமா இறுதியாண்டில் மேலே படிக்க விரும்பும் இருபது பேரைப் பிரித்தெடுத்து, வாரத்துக்கு நான்கு மணி நேரம் கணிதமும் ஆங்கில வாசிப்பும் கொடுத்தால் போதும். புதுக் கட்டடம் வேண்டாம். பக்கத்துப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமை வந்து போனாலே பாதி பயம் தெளிந்துவிடும். அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 முதல் திறன் பயிற்சியைக் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்திருக்கிறது. மென்பொருள் பயிற்சிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இந்த அடிப்படைக் கணக்குக்கும் வேண்டும்.

பணம் தனிக் கதை. பட்டாசு ஆலையில் திரி செருகுவதற்கும் சரம் பின்னுவதற்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பிடித்தால் மருந்து காயாது, வேலையும் இருக்காது. 2018இல் பட்டாசில் சேர்க்கும் பேரியம் உப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு வேலை நாட்கள் இன்னும் நிச்சயமற்றுப் போயின. பதினெட்டு வயதுப் பிள்ளை ஆலைக்குப் போனால் உடனே கைக்கு வரும் காசை விட்டுவிட்டு இன்னும் மூன்று வருடம் படிக்கவைப்பது அந்த வீட்டுக்குப் பெரிய முடிவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதல் ஆண்களுக்கும் அதே தொகையைத் தருகிறது. கூலிக்கு அது ஈடாகாது, பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான கலந்தாய்வை அண்மை ஆண்டுகளில் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்திவருகிறது. விண்ணப்பம் இணையவழியில்தான். டிப்ளமா கடைசிப் பருவத்தில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அறிவிப்பு வரும் நாளை இப்போதே கல்லூரியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.