ஆடியில் பேசி, ஐப்பசியில் பார்த்து: ஓசூரில் வீட்டு ரிப்பேருக்கு ஆள் பிடிப்பது பற்றி

லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று 1980-களில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவர்கள் கட்டிய வீடுகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயசு. மொட்டைமாடி ஒழுகுது, பாத்ரூம் சுவர் ஊறுது. கட்டியவர்கள் ரிட்டயர் ஆகிவிட்டார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தில் ஒரு பங்கு இந்த வேலைக்குத்தான் போகிறது. வேலை சொதப்பினால் அந்தப் பணத்தை மறுபடி சம்பாதிக்க முடியாது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

"மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்குங்க" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. புது வீட்டுக்கு அது சரி. பழைய வீட்டில், பூச்சை உரிக்கும் வரை உள்ளே கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "உரிச்சுப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்று மேஸ்திரி சொன்னால் அது ஏமாற்றுப் பேச்சு இல்லை, நிஜம். எனவே மொத்தத் தொகையை ஒப்பிடுவதில் பெரிய பிரயோஜனம் இல்லை. சதுர அடி பூச்சுக்கு என்ன ரேட், பழைய பூச்சை உடைக்க என்ன, இடிபாட்டை அள்ளிக்கொண்டு போகும் செலவு யாருடையது, கூடுதல் வேலை வந்தால் கொத்தனார் கூலி, சித்தாள் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தத்தில் குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் இதில் எதையோ விட்டிருப்பார்.

சரி, அப்படியானால் ஆளை எதை வைத்து முடிவு செய்வது? அவர் முன்பு செய்த வேலை மழையில் எப்படி நிற்கிறது என்பதை வைத்துத்தான். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில்தான் நல்ல மழை. பங்குனியில் முடித்த மொட்டைமாடி வேலை சித்திரை வெயிலில் பளிச்சென்று இருக்கும். அது உருப்படியா இல்லையா என்பது புரட்டாசியில்தான் தெரியும்.

சீக்கிரம் ஆள் தேடச் சொல்வது இதற்காகத்தான், தேதி பிடிப்பதற்காக மட்டும் இல்லை. ஆடியில் புது வேலை தொடங்குவோர் குறைவு, மேஸ்திரிக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அப்போது அவர் போன வருஷம் முடித்த இரண்டு மூன்று வீடுகளின் விலாசம் கேளுங்கள். ஐப்பசியில் நாலு நாள் மழை விடாமல் பெய்தபின் அந்த வீடுகளுக்குப் போங்கள். ஹாலைப் பார்க்க வேண்டாம். மாடிக்கு அடியில் உள்ள அறையின் கூரை மூலை, பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர், இந்த இரண்டையும் பார்த்தால் போதும். மார்கழியில் ரேட் பேசி எழுதிக்கொண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பியதும் தையில் தொடங்கலாம். தைக்கு மேல் தேடத் தொடங்கினால் நல்ல ஆட்கள் கையில் ஏற்கெனவே வேலை இருக்கும். போதாததற்கு சுற்றிலும் ஆலைக் கட்டுமானம் வேறு.

இப்போது வேலை நடக்கும் ஓர் இடத்தையும் எட்டிப் பாருங்கள். நம் கடைகளில் அதிகம் விற்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு, கான்கிரீட் என்றால் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. மூணு நாளில் ஈரம் காய்ந்து கிடந்தால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன் துவாரத்தை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திக் காட்டுவாரா என்றும் கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம் சார், நான் கேரண்டி" என்பவரை விட்டுவிடலாம்.

அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரிலிருந்து வரும் இன்டீரியர் கம்பெனிகளும் உண்டு. கம்ப்யூட்டரில் அழகாக வரைந்து காட்டுவார்கள். வேலையை உள்ளூர் ஆளிடமே கைமாற்றுவதும் நடக்கும். "சைட்ல யாரு நிப்பாங்க?" என்று கேட்டு அந்தப் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பிரச்சினை வந்தால் ரெராவுக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் பலர். நம் சொந்த வீட்டு ரிப்பேர் அதற்குள் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. 2019 சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி கர்நாடகாவில் இருந்தாலும் நாம் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருஷம். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்களுக்குத்தான் அங்கே கஷ்டம்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசியில் ஐந்து முதல் பத்து சதவீதத்தை அடுத்த மழை முடியும் வரை நிறுத்தி வைப்பது நல்லது. அரசு வேலைகளில் இப்படிப் பிடித்து வைப்பது பழைய வழக்கம்தான். இதை மார்கழியிலேயே சொல்லி எழுதிவிட வேண்டும். வேலை முடிந்த அன்று சொன்னால் சண்டைதான் வரும். பத்துக்கு மேல் கேட்டால் நல்ல மேஸ்திரி வேறு வீட்டுக்குப் போய்விடுவார், அவருக்கும் வாராவாரம் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.